காரைத் தாழ்த்தியாச்சா? டயரின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள்

ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியதும் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், அதுதான் நெகட்டிவ் கேம்பர். கூடவே டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமும் மாறும், டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் இந்த டோதான். வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி என்று சில நாள் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள், ஸ்பிரிங் அமரட்டும். பெங்களூரு ஹைவே அப்புறம்.

டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு வீல் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுங்கள். கேம்பர் முதலில், டோ கடைசியில். ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோ நகர்ந்துவிடும். "இந்த வண்டியில கேம்பர் அட்ஜஸ்ட் பண்ண முடியாதுங்க" என்பார்கள் கடையில், பல கார்களில் அது உண்மை, கேம்பரைத் திருத்த உதவும் கேம்பர் போல்ட் போடலாமா என்று கேளுங்கள். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை பிரிண்டாக வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பிறகு மாதம் ஒருமுறை டயரைக் குறுக்கே தடவுங்கள். ரம்பம்போல் உரசினால் டோ. உள்பக்கம் மட்டும் வழுக்கையானால் கேம்பர், சிலசமயம் இரண்டும்.