பெஞ்சில் உட்காரும் கோல்கீப்பருக்கு

ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஏதாவது ஃபுட்பால் டீமில் உன்னை இரண்டாவது கோல்கீப்பராகப் போட்டிருக்கிறார்களா தம்பி? ஆறு வருஷம் அதே இடத்தில் இருந்தவன் சொல்கிறேன், கேள்.

2018 பிப்ரவரி 5, திங்கட்கிழமை காலை 5 மணி. தலைகுந்தாவில் வெளியே புல்லெல்லாம் உறைபனி. போர்வைக்குள் போனில் சூப்பர் பவுல் ஓடியது. அமெரிக்காவில் பந்தைக் கையால் எறிந்து ஆடும் ஃபுட்பாலின் ஃபைனல் அது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டீமின் முதல் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) கார்சன் வென்ட்ஸுக்கு டிசம்பரில் முட்டி ஜவ்வு கிழிந்துபோக, மாற்று ஆள் நிக் ஃபோல்ஸ் ஆடினார். 2016-ல் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்த மனிதர். அன்றைக்கு மூன்று டச்டவுன் (நம்ம கோல் மாதிரி) எறிந்து, ஒன்றைத் தானே ஓடிப் பிடித்தார். 41-33 என்று ஈகிள்ஸ் ஜெயித்தது. ஆட்ட நாயகனும் அவர்தான்.

அதன்பிறகுதான் மாற்று குவார்ட்டர்பேக்குக்கு வாரம் முழுக்க என்ன வேலை என்று தேடிப் படித்தேன். சீசன் முழுக்க ஒரு நிமிஷம்கூட ஆடாமல் போகலாம். ஆனால் பிராக்டிஸில், அடுத்து மோதப்போகும் டீமின் குவார்ட்டர்பேக் எப்படி ஆடுவாரோ அப்படியே ஆடிக் காட்டித் தன் டீமைத் தயார் செய்கிறவர் அவர்தான்.

நீயும் அதைச் செய். சனிக்கிழமை குன்னூர் டீமோடு மேட்ச் என்றால், அவர்களில் பெனால்டி அடிப்பவன் எந்தக் கால், எத்தனை எட்டு ஓடிவருகிறான் என்று முன்னாடியே போய்ப் பார். பிராக்டிஸில் அவன் மாதிரியே ஓடிவந்து உன் சீனியருக்கு அடி. அவருக்குப் பழகும், அவன் காலைப் படிக்க உனக்கும் வரும்.

அடுத்தது விரல். மலையில் பாதி விஷயம் இதுதான். ஒரு ஜனவரியில் சீனியருக்கு முட்டி பிசகி, என்னை உள்ளே அனுப்பினார்கள். முதல் பந்தே நேராக நெஞ்சுக்கு வந்தது. பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கிளவுஸுக்குள் விரல் மடங்கவே இல்லை. வழுக்கி உள்ளே போய்விட்டது. இன்றைக்கும் அந்தப் பந்து கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து கிளவுஸைப் பையில் வைப்பதில்லை. ஜெர்கினுக்குள் வயிற்றோடு ஒட்டி வைப்பேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து, யாரையாவது கைக்கு நேராகப் பந்து அடிக்கச் சொல்வேன்.

மிஸ்ட் இறங்கினால் எதிர் போஸ்ட் தெரியாது. டிஃபெண்டர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட பெஞ்சிலிருந்தே பழகிக்கொள்.

கிளவுஸ் நனைந்தால் அடுப்போரம் காய வைக்காதே, உள்ளங்கை ரப்பர் வெடித்துவிடும். உள்ளே நியூஸ் பேப்பர் திணித்து, ராத்திரி கொடியில் போடு.