டைவ் கம்ப்யூட்டர் செத்துப் போனா பரவால்ல, பொய் சொன்னாதான் பிரச்சனை

ஸ்கூபா டைவிங்ல கையில கட்டிக்கிட்டு, ஆழமும் நேரமும் பாத்து இன்னும் எவ்ளோ நேரம் கீழ இருக்கலாம்னு சொல்ற மெஷின்தான் டைவ் கம்ப்யூட்டர். அதை புதுசா வாங்குறவங்க முதல்ல கேக்குறது, தண்ணிக்குள்ள திடீர்னு ஆஃப் ஆயிட்டா என்ன பண்றதுன்னுதான். நியாயமான பயம்தான், ஆனா பதில் ரொம்ப சிம்பிள், டைவை அங்கயே முடிச்சுட்டு மெதுவா மேல வரணும், அவ்ளோதான். ஸ்க்ரீன் கறுப்பாயிட்டா யாரும் அதை நம்பி கீழயே சுத்திட்டு இருக்கப் போறதில்ல. பயப்பட வேண்டிய கேஸ் வேற ஒண்ணு இருக்கு, ஸ்க்ரீன் பளிச்சுன்னு இருக்கு, நம்பர் எல்லாம் ஓடுது, ஆனா நீங்க 24 மீட்டர்ல இருக்கும்போது அது 20ன்னு காட்டுது, நீங்களும் நம்பி இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாம்னு இருந்துடறீங்க. அதனால பராமரிப்புன்னு நான் சொல்றது பெரும்பாலும் இந்த ரெண்டாவது ரகத்தை வர விடாம பாத்துக்கறதும், வந்தா கண்டுபிடிக்கறதும்தான்.

இந்த மெஷினுக்கு தெரிஞ்சது ரெண்டே விஷயம், சுத்தி இருக்கிற அழுத்தம், ஓடுற நேரம். ஆழத்துல சுவாசிக்கிற காத்துல இருக்கிற நைட்ரஜன் உடம்புல கரைஞ்சு சேரும், வேகமா மேல வந்தா குமிழியாகி ஆபத்தாகும். நம்ம ரத்தத்துல அது எவ்ளோ ஏறியிருக்குன்னு மெஷின் அளக்கறதே இல்ல, கணக்குப் போட்டு சொல்லுது. இப்ப நிறைய கம்ப்யூட்டர்ல ஓடுற இசட்ஹெச்எல்-16சிங்கற கணக்கு சூரிச்ல இருந்த டாக்டர் ஆல்பர்ட் ப்யூல்மன் போட்டது, உடம்பை 16 கற்பனை அறையா பிரிச்சு ஒவ்வொண்ணும் எவ்ளோ வேகத்துல நைட்ரஜனை ஏத்தும் இறக்கும்னு பாக்கும், பாதி ஏறறதுக்கு வேகமான அறைக்கு சில நிமிஷம், மெதுவானதுக்கு 635 நிமிஷம். கணக்கு என்னவோ நல்ல கணக்குதான், ஆனா உள்ள போற அழுத்தம் தப்பா இருந்தா 16 அறையும் சேர்ந்து தப்பாகும்.

கணக்கே தப்பானதும் நடந்திருக்கு. நைட்ராக்ஸ்னா ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைச்ச காத்து. 1995ல தயாரிச்ச யுவாடெக் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் கம்ப்யூட்டர்களை 2003ல திரும்ப வாங்கினாங்க, ஏன்னா டைவர் மேல வந்து சாதாரண காத்தை சுவாசிச்சுட்டு ரெஸ்ட் எடுக்குற நேரத்துலயும் அவர் நைட்ராக்ஸ்தான் சுவாசிக்கிறார்னு அந்த சாஃப்ட்வேர் எடுத்துக்கிச்சு, அதனால உடம்புல மிச்சம் இருக்கிற நைட்ரஜனை கம்மியா கணக்குப் பண்ணி அடுத்த டைவுக்கு தாராளமா நேரம் குடுத்துச்சு. சென்சார் பக்கம் பாத்தா, சூன்டோ கம்ப்யூட்டர்களோட ஆழ சென்சார் பத்தி அமெரிக்காவுல ஒரு வழக்கு நடந்து 2018ல சமரசத்துக்கு வந்தது. இதுக்காக அந்த பிராண்டே வாங்காதீங்கன்னு சொல்லல, எந்த கம்பெனி பேர் போட்டிருந்தாலும் உள்ள இருக்கிறது ஒரு சின்ன பிரஷர் சென்சார்தான், அது எப்பவும் ஒழுங்கா இருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது.

அந்த ஓட்டைகள்தான் உயிர்

கம்ப்யூட்டரை திருப்பிப் பாருங்க, பின்னாடியோ சைடுலயோ குட்டி குட்டி ஓட்டை இருக்கும், இல்லன்னா ஒரு சின்ன வலை மாதிரி இருக்கும். தண்ணி அழுத்தம் அது வழியாத்தான் சென்சாருக்குப் போகுது. கடல்தண்ணி அதுக்குள்ள காய்ஞ்சா உப்பு படிகமாயிடும், மணலும் சேர்ந்தா பாதி அடைச்சிடும். அப்புறம் ஆழம் லேட்டா மாறும், இல்ல மேல போட்ல உக்காந்திருக்கும்போதும் 1 மீட்டர்ல இருக்கிறதா நினைச்சுக்கிட்டு டைவ் மோடை விட்டு வெளிய வராது.

இதுக்கு மருந்து ஊற வைக்கறது. குழாய்ல அஞ்சு செகண்ட் காட்டிட்டு துடைச்சு வைக்கறது பத்தாது. ஒரு கிண்ணத்துல நல்ல தண்ணி, முடிஞ்சா லேசா வெதுவெதுப்பா, அரை மணி நேரம் போட்டு வைங்க, நடுவுல தண்ணியை ஒரு தடவை மாத்துங்க, அவ்ளோதான் வேலை. டைவ் கடையில எல்லாரும் முக்குற பொது தொட்டியை நம்பாதீங்க, மத்தியானத்துக்கு மேல அது கிட்டத்தட்ட கடல்தண்ணிதான், போதாததுக்கு கேமரா, ரெகுலேட்டர் (சிலிண்டர் காத்தை வாய்க்குக் குடுக்குற கருவி) எல்லாம் வந்து ஸ்க்ரீன் மேல இடிக்கும். அங்க ஒரு முக்கு முக்கினாலும் ரூமுக்கு வந்து தனியா ஊற வைக்கறது வேணும். ஊறும்போது பட்டன் அமுக்கலாமான்னு கேட்டா உங்க மாடல் மேனுவல்தான் பதில், சிலது அமுக்குங்கன்னு சொல்லும், சிலது வேணாம்னு சொல்லும்.

ஏற்கனவே உப்பு கெட்டியா பிடிச்சிருந்தா வெள்ளை வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து கொஞ்ச நேரம் ஊற வெச்சு, அப்புறம் மெதுவா ஓடுற நல்ல தண்ணியில அலசுங்க, சில கம்பெனி மேனுவல்லயே இது இருக்கு. பண்ணவே கூடாத ரெண்டு விஷயம், ஒண்ணு ஓட்டைக்குள்ள ஊசி, சேஃப்டி பின், பல்குத்தி விடறது, ரெண்டு சிலிண்டர் காத்தை அடிச்சு காய வைக்கறது. போட்ல நிறைய பேர் இந்த ரெண்டாவதை பழக்கமா பண்றாங்க, ரெகுலேட்டர் மூடியை ஊதறதுக்கு ஓகே, கம்ப்யூட்டர் சென்சாருக்கு அது ஆப்பு. குழாய்ல ஃபோர்ஸா வர்ற தண்ணியும் அதே கதைதான்.

தண்ணி பட்டா தானா ஆன் ஆகுற மாடல்ல உலோகப் புள்ளி ரெண்டு மூணு இருக்கும், அதை சாஃப்ட்டான டூத்பிரஷ் வெச்சு தேய்ங்க. அதுல அழுக்கு சேர்ந்தா குதிச்சதும் ஆன் ஆகாது, ஈரத்தோட பையில மூடி வெச்சா ராத்திரி பூரா தண்ணிக்குள்ள இருக்கோம்னு நினைச்சு பேட்டரியைத் தின்னுடும். சன்ஸ்க்ரீன், டீட் இருக்கிற கொசு விரட்டி ரெண்டையும் கம்ப்யூட்டர் கட்டறதுக்கு முன்னாடியே பூசி கையைக் கழுவிடுங்க, டீட் சில பிளாஸ்டிக்கை கரைச்சே விடும்.

பேட்டரி

தண்ணி உள்ள போய் கெட்டுப்போற கம்ப்யூட்டர்கள்ல பேட்டரி மூடி வழியாப் போறதுதான் ஜாஸ்தி, அதுவும் மாத்தின உடனே வர்ற முதல் டைவ்ல. நீங்களே மாத்தலாம், கஷ்டமில்ல, ஆனா பொறுமை வேணும். முதல்ல கம்ப்யூட்டரை நல்லா காய விடுங்க. மூடியைத் திறந்ததும் தண்ணி புகாம அடைக்கிற வளையம், அதாவது பழைய ஓ-ரிங்கை விரலால எடுங்க, சேஃப்டி பின்னை வெச்சு குத்தி எடுக்காதீங்க, பள்ளத்துல கீறல் விழுந்தா எத்தனை புது ரிங் போட்டாலும் ஒழுகும். ஓ-ரிங் வர்ற கிட்டா வாங்கி புது ரிங்கே போடுங்க, பழசு நல்லாத்தான் இருக்குன்னு மிச்சம் பிடிக்கற இடம் இது இல்ல. ஒரே ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் ரிங் மேல இருந்தா போதும், 20 மீட்டர்ல தண்ணி உள்ள வந்துடும். கிரீஸ் மேனுவல் போடச் சொன்னா மட்டும், அவங்க சொன்ன ரகம், ரிங் பளபளன்னு தெரியற அளவுக்கு மெல்லிசா. ரிங்கே சிலிக்கான்ல செஞ்சதா இருந்தா சிலிக்கான் கிரீஸ் பட்டு உப்பிடும், பாத்துக்கோங்க.

மாடலுக்கு மாடல் செல் மாறும், கிரெஸ்ஸி லியோனார்டோவுக்கு சிஆர் 2430, மேரஸ் பக் ப்ரோவுக்கு சிஆர் 2450, ஷியர்வாட்டர் பெர்டிக்ஸுக்கு சாதாரண டபுள்-ஏ. தெரு முனைக் கடையில கிடைக்கிற பேர் தெரியாத பட்டன் செல் வேணாம். இந்த லித்தியம் செல்லுக்கு ஒரு குணம், கடைசி வரைக்கும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நின்னுட்டு திடீர்னு சரியும், அதனால பேட்டரி பாதி இருக்குன்னு காட்டுற படத்தை ரொம்ப நம்ப முடியாது. அந்தமான் ட்ரிப்புக்கு முன்னாடி சந்தேகம் இருந்தா மாத்திடுங்க, செல்லோட விலை ஒரு டைவ் காசுல பத்துல ஒரு பங்கு கூட வராது. மாத்தறதை மழை நாள்ல ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு பண்ணாதீங்க, சென்னை ஈரக் காத்து உள்ள மாட்டிக்கிட்டா குளிர்ந்த தண்ணியில கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படியும். முடிஞ்சா சர்வீஸ் சென்டர்ல பிரஷர் டெஸ்ட்டும் போட்டுக்கோங்க.

இந்த பிரஷர் டெஸ்ட்டுக்கு வீட்டு குக்கர் போதுமான்னு யாராவது ஒருத்தர் கேப்பாங்க, சிரிக்காதீங்க, விசில் அடிக்கிற அழுத்தம் சுமார் 1 பார், கணக்குப்படி 10 மீட்டர் ஆழம் சரிதான், ஆனா உள்ள 120 டிகிரி, கம்ப்யூட்டர் வெந்துடும்.

இன்னொண்ணு, ட்ரிப் நடுவுல, ரெண்டு டைவுக்கு இடையில பேட்டரி மாத்தாதீங்க. நிறைய மாடல்ல பேட்டரி எடுத்தா உடம்புல இருக்கிற நைட்ரஜன் கணக்கு அழிஞ்சு, நீங்க இன்னிக்கு டைவே பண்ணாத ஆள் மாதிரி ஆரம்பிக்கும். பெர்டிக்ஸ் மாதிரி சிலது ஞாபகம் வெச்சுக்கும். உங்களோடது எந்த ரகம்னு வீட்லயே பாத்து வைங்க. சார்ஜ் பண்ற மாடல்னா சீசன் முடிஞ்சு வைக்கும்போது ஃபுல்லாவும் வேணாம், காலியாவும் வேணாம், பாதி சார்ஜ்ல வெச்சு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்க. மே மாசம் கார் டாஷ்போர்டுல விட்டுட்டு சாப்பிடப் போனா எந்த ரகமா இருந்தாலும் ஸ்க்ரீனும் பேட்டரியும் கெட்டுடும்.

பொய் சொல்லுதான்னு எப்படி பாக்கறது

தரையில ஒரு செக் இருக்கு. சில கம்ப்யூட்டர் மெனுல இப்போதைய அழுத்தத்தை மில்லிபார்ல காட்டும். கடற்கரை ஊர்ல இருந்தா ஃபோன் வெதர் ஆப் காட்டுற அழுத்தத்தோட ஒப்பிடுங்க, 1000லேர்ந்து 1015க்குள்ள ஏதோ ஒண்ணு வரும், ரெண்டும் பக்கத்துல இருந்தா சரி, பத்து இருபது தள்ளி நின்னா சர்வீஸுக்கு குடுங்க. பெங்களூர்ல உக்காந்து இதை பண்ணிட்டு பதறாதீங்க, ஊர் 900 மீட்டருக்கு மேல இருக்கு, கம்ப்யூட்டர் 910 பக்கம் காட்டும், ஆப் கடல்மட்டத்துக்கு மாத்தின கணக்கைக் காட்டும்.

தண்ணிக்குள்ள, மேல வர்ற வழியில 5 மீட்டர்ல போடுற சேஃப்டி ஸ்டாப்ல நிக்கும்போது கூட வந்தவர் கையோட உங்க கையைப் பக்கத்துல வெச்சு ஆழத்தைப் பாருங்க, கீழ 20 மீட்டர்லயும் ஒரு தடவை. கொஞ்சம் வித்தியாசம் சகஜம். ஒண்ணு உப்புத்தண்ணி செட்டிங்லயும் இன்னொண்ணு நல்லதண்ணி செட்டிங்லயும் இருந்தா கிட்டத்தட்ட 3 சதவீதம் மாறும், 30 மீட்டர்ல அதுவே 90 சென்டிமீட்டர். அதனால நேர வித்தியாசம் வராது, ஏன்னா நைட்ரஜன் கணக்கு போறது அழுத்தத்தை வெச்சு, மீட்டர் சும்மா நமக்காக மாத்திக் காட்டறது. செட்டிங் ஒண்ணா இருந்தும் ஒரு மீட்டருக்கு மேல விலகி நின்னா, ஒவ்வொரு டைவ்லயும் அது கூடிக்கிட்டே போனா, அந்த கம்ப்யூட்டரை அன்னிக்கே கழட்டி வைங்க.

மூணாவது, லாகை, அதாவது டைவ் கம்ப்யூட்டர் பதிஞ்சு வெச்ச டைவ் விவரத்தை, இறக்கிப் பாருங்க. சப்சர்ஃபேஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, 2011ல ஆரம்பிச்சது லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ்தான், மனுஷன் டைவர். பெரும்பாலான டைவ் கம்ப்யூட்டரோட பேசும். ஆழ கோடு வழவழன்னு ஏறி இறங்கணும், ஒரே செகண்ட்ல 4 மீட்டர் குதிச்சு திரும்ப வந்தா அது நீங்க இல்ல, சென்சார். ஸ்க்ரீன்ல ஓடும்போது கண்ணுல படாத கோளாறு கிராஃப்ல படும்.

மெஷின் மேல பழி போடுறதுக்கு முன்னாடி செட்டிங்கையும் பாருங்க, சிலிண்டர்ல நைட்ராக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன்) அடிச்சுட்டு கம்ப்யூட்டர் சாதாரண காத்துக்கான 21லயே இருக்கறது, இல்ல யாரோ கேஜ் மோடுல, அதாவது ஆழமும் நேரமும் மட்டும் காட்டுற மோடுல, விட்டுட்டுப் போன வாடகை கம்ப்யூட்டர், இதெல்லாம் சர்வ சாதாரணம். கேஜ் மோடுல ஒரு டைவ் போனா நிறைய மாடல் அதுக்கப்புறம் 24 மணி நேரமோ 48 மணி நேரமோ டீகோ கணக்கே, அதாவது நைட்ரஜன் வெளியேற மேல வரும்போது எங்க எவ்ளோ நேரம் நிக்கணும்ங்கற கணக்கே, குடுக்காது.

கீழ இருக்கும்போது போயிடுச்சுன்னா

கூட இருக்கிறவருக்கு சைகை காட்டுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து மேல வாங்க, நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல வேகம் வேணாம், 5 மீட்டர்ல மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம், காத்து இருந்தா இன்னும் கூட நிக்கலாம். அவரோட கம்ப்யூட்டரை வெச்சு டைவைத் தொடரலாம்னு நினைக்காதீங்க, அவர் உங்களை விட மேல இருந்திருப்பார், காலைல ஒரு டைவ் விட்டிருப்பார், அது அவரோட கணக்கு. புதுசா ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கிட்டு இறங்கறதுன்னா 24 மணி நேரம் கழிச்சு. அன்னிக்கு எல்லா டைவ்லயும் ரெண்டு கம்ப்யூட்டர் கட்டியிருந்தா மட்டும் மிச்சம் இருக்கிறதை வெச்சு அடுத்த டைவ் போகலாம். மட்டக்களப்புக்கு வெளிய 50 மீட்டருக்கு மேல ஆழத்துல கிடக்கிற ஹெர்மிஸ் கப்பல் மாதிரி டீகோ டைவ், அதாவது மேல வர்ற வழியில கட்டாயமா நின்னு வரவேண்டிய டைவ், போறவங்களுக்கு ரெண்டாவது கம்ப்யூட்டர் ஆடம்பரமே இல்ல, ஒண்ணோட வர்றவரை நான் கூட்டிட்டே போக மாட்டேன்.

ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடி, இன்னும் பறக்கக் கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல காட்டுற விமானப் படம் போனதுன்னு மட்டும் பாக்காதீங்க, டீகோ இல்லாத ஒரே டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், பல டைவ்னா 18, டீகோ டைவ்னா அதுக்கும் மேல. அந்தமான் ஹேவ்லாக் தீவுல கடைசி நாள் காலைல டைவ், சாயங்காலம் சென்னை ஃப்ளைட்னு பிளான் போடாதீங்க. கம்ப்யூட்டர் ஹேண்ட் பேக்கேஜ்ல, ஸ்பேர் லித்தியம் செல்லும் கேபின்லதான் கொண்டு போகணும்.

ஸ்ட்ராப்பை மறந்துடாதீங்க, கடலடியில கிடக்கிற கம்ப்யூட்டர்கள் பாதி ஸ்ட்ராப் பின் உடைஞ்சு போனதாத்தான் இருக்கும்னு என் கணிப்பு. ரெண்டு பின் வழியாவும் ஒரே துண்டா ஓடுற நைலான் ஸ்ட்ராப்போ பஞ்ஜி (எலாஸ்டிக்) கயிறோ போட்டா ஒரு பின் போனாலும் கையிலயே நிக்கும். சிலிண்டர்ல எவ்ளோ காத்து இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு அனுப்புற டிரான்ஸ்மிட்டர் வெச்சிருந்தா போட் பசங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, அதை கைப்பிடின்னு நினைச்சு சிலிண்டரைத் தூக்கிடுவாங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கறதா இருந்தா முதல்ல பேட்டரி மூடியைத் திறக்கச் சொல்லுங்க. உள்ள பச்சையா வெள்ளையா பூத்திருந்தா, மூடியைத் திருகுற பள்ளம் தேய்ஞ்சு ஸ்க்ரூடிரைவர் கீறல் இருந்தா, எவ்ளோ கம்மி விலை சொன்னாலும் வேணாம். அந்த மாடலுக்கு ஏதாவது ரீகால் வந்திருக்கான்னு சீரியல் நம்பரை கம்பெனி சைட்ல தேடுங்க, கடைசியா லாகைக் காட்டச் சொல்லுங்க, காட்டத் தயங்கினா வேற ஆளைப் பாருங்க.