உப்புக்காற்று அடிக்கும் வீட்டில் ஒயர் ஜாயிண்ட் போடுவது எப்படி?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துக் கடலோர வீடுகளில் பழைய டேப் ஜாயிண்ட்டைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். டேப்பின் பசை வெயிலில் இளகிவிட, உப்பு ஈரம் உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறும், கூடவே சூடும் ஏறும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கிறது; ஜாயிண்ட்டில் வெறும் 0.2 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே விரல்நுனி அளவு இடத்தில் 15 வாட் சூடு. ஓடுவது வழக்கமான கரண்ட்தான் என்பதால் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழவே விழாது. முறுக்கி டேப் சுற்றும் வேலையே நம்ம ஊருக்கு வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

1. ஜாயிண்ட் இல்லாமல் முடியுமா என்று முதலில் பாருங்கள். சுவருக்குள் போகும் பைப்பில் ஜாயிண்ட் கூடவே கூடாது. புது ஒயரை முழுசாக இழுத்துவிடுங்கள்.

2. மெயினை அணைத்தால் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மெயின் போனதும் அது தானாக கரண்ட் கொடுத்துவிடும், பலர் மறப்பது இதைத்தான். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே கரண்ட் இருக்கும் இடத்தில் பார்த்துக்கொண்டு, பிறகு இந்த ஒயரில் வைத்துப் பாருங்கள்.

3. பளபளவென்று செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். உப்பு ஈரம் சில சமயம் உறைக்குள்ளேயே தூரம் போயிருக்கும், வெட்ட வெட்டக் கருப்பாகவே வரும். அப்படியானால் அந்த ஒயரை மாற்றுவதுதான் வழி.

4. வீட்டுக்குள் என்றால் லீவர் கனெக்டர் போடுங்கள், புதிதாகக் கற்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. அதன் மேலேயே எத்தனை ஆம்பியர், எத்தனை மில்லிமீட்டர் உறை உரிக்க வேண்டும் என்று போட்டிருக்கும், பல மாடல்களில் 11. லீவரைத் தூக்கி, ஒயரை முட்டும்வரை தள்ளி, மூடி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். வெளியே துளி செம்பும் தெரியக்கூடாது.

திருகு வைத்த கனெக்டர் என்றால் பல இழை ஒயரின் நுனியில் சின்னக் குழாய் லக் மாட்டி அழுத்திவிட்டுத் திருகுங்கள். நுனியில் ஈயம் பற்றவைத்துத் திருகாதீர்கள், அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி திருகு தளர்ந்துவிடும். செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கவே கூடாது, ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும்.

மொட்டைமாடி, மோட்டார் மாதிரி வெளி இடங்களுக்கு கிரிம்பிங் ஸ்லீவ் (ஒயர் நுனிகளை உள்ளே விட்டு நசுக்கிப் பிடிக்கும் உலோகக் குழாய்), அதன்மேல் உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகுவது). கிரிம்பிங் பிளையரால்தான் அழுத்த வேண்டும், கட்டிங் பிளையர் ஆகாது.

5. எந்த ஜாயிண்ட்டும் மூடி போட்ட பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். வெளியே என்றால் தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐபி 65 பெட்டி; ஒயர் அடிப்பக்கமாகக் கிளாண்ட் (ஒயரைச் சுற்றி இறுக்கி ஈரத்தைத் தடுக்கும் வளையம்) வழியே நுழையட்டும்.

6. ஹீட்டரோ மோட்டாரோ அரை மணி நேரம் ஓடட்டும். பிறகு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். மீட்டர் பக்கத்து ஒயரில் மட்டும் கை வைக்காதீர்கள், அது உரிமம் உள்ள வயர்மேன் வேலை.

வெளிப் பெட்டிகளை வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும், கரண்ட்டை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள்.