வாடகை வருமானம், வீட்டு விற்பனை, பிள்ளைப் பராமரிப்புத் தொகை: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே வந்த பிறகு கணவன் மனைவி பிரிந்துவிட்டால், பிள்ளையை வைத்திருப்பவருக்கு மற்றவர் பராமரிப்புத் தொகை கொடுக்க வேண்டும். இருவரும் பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால் யாரும் தலையிட மாட்டார்கள். ஒத்துவராவிட்டால் இந்தத் தொகையைக் கணக்கிடும் அரசு அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸுக்குப் போகலாம். இப்போது விண்ணப்பக் கட்டணம் கிடையாது. உங்கள் விசாவில் அரசு உதவி பெறக்கூடாது என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். இது அரசுப் பணம் அல்ல, பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ தருவது.

கணக்கு, பணம் கட்டுபவரைப் பற்றி வரித்துறையிடம் இருக்கும் வருமான விவரத்தில் தொடங்கும். வரி பிடிப்பதற்கு முந்தைய வார வருமானம் 200 முதல் 800 பவுண்டுக்குள் இருந்தால் ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், இரண்டுக்கு 16, மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் 19. பணம் கட்டுபவரிடம் பிள்ளை தங்கும் இரவுகள் கூடினால் தொகை குறையும்.

சரி, பணம் கட்டுபவர் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். அது இந்தக் கணக்கில் வருமா? தானாக வராது. பலர் ஏமாறுவது இங்கேதான். வாடகை, வட்டி, டிவிடெண்ட் (பங்குகளுக்குக் கிடைக்கும் லாபப் பங்கு) போன்றவை சேர்ந்து ஆண்டுக்கு 2,500 பவுண்டு அல்லது அதற்கு மேல் வந்தால், பராமரிப்புத் தொகை வாங்குபவர் ‘வேரியேஷன்’, அதாவது அதையும் சேர்த்துக் கணக்கை மாற்றும்படி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

வாரம் 500 பவுண்டு சம்பளக்காரர் ஒரு பிள்ளைக்குக் கட்டுவது 60 பவுண்டு. அவருக்கு வாடகை லாபம் ஆண்டுக்கு 7,800, அதாவது வாரம் 150 என்றால், வேரியேஷனுக்குப் பிறகு 650-க்கு 12 சதவீதம், 78 பவுண்டு ஆகும். வாரம் 18 பவுண்டு வித்தியாசம். பிள்ளை வளர்ந்து முடிக்கும் வரை கூட்டிப் பார்த்தால் சின்னத் தொகை அல்ல.

கட்டுபவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. குடியிருப்பு வீட்டு வாடகையில் மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) வட்டியைச் செலவாகக் கழிக்க 2020 ஏப்ரலிலிருந்து வரிச் சட்டம் விடுவதில்லை. கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் கணக்கில் லாபம் பெரிதாகத் தெரியும். பராமரிப்புத் தொகையும் அந்தப் பெரிய எண்ணை வைத்தே போடப்படும்.

இனி விற்பனை. வீடு விற்ற பணம் வருமானமாக எடுத்துக்கொள்ளப்படாது. லாபத்துக்கு வரி கட்ட வேண்டி வந்தாலும் அந்த லாபத்தில் 12 சதவீதம் என்று பிள்ளைக்குக் கேட்க முடியாது. ஆனால் விற்ற பணம் வங்கியில் கிடந்தால் அது சொத்து. சொத்து மதிப்பு 31,250 பவுண்டைத் தாண்டினால், அதில் ஆண்டுக்கு 8 சதவீதம் வருமானம் வருவதாக வைத்துக் கணக்கிட வேரியேஷன் கேட்கலாம். ஒரு லட்சம் பவுண்டு இருந்தால் ஆண்டுக்கு 8,000 வருமானம் என்று பொருள். உண்மையில் அவ்வளவு வட்டி வருகிறதா என்று பார்ப்பதில்லை. அதே பணத்தில் தான் குடியிருக்க வீடு வாங்கிவிட்டால் அந்த வீடு இதில் சேராது. வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கும் இரண்டாவது வீட்டுக்கும் இந்த 8 சதவீத வழி பொருந்தும். கடன் போக மிச்ச மதிப்புதான் கணக்கு. ஊரில் இருக்கும் நிலமும் வீடும் வெளிநாட்டில் இருக்கிறது என்பதால் மட்டும் தப்பிவிடாது.

கட்டுபவர் வாடகையைத் தம்பி பெயரில் வாங்கிக்கொண்டு கணக்கிலிருந்து மறைத்தால், வருமானத்தைத் திசைதிருப்பியதாகக் காட்டி அதற்கும் வேரியேஷன் கேட்க வழி உண்டு. பராமரிப்புத் தொகை பாக்கி சேர்ந்துவிட்டால் நீதிமன்றம் வழியாகக் கட்டுபவரின் வீட்டின் மேலேயே அந்தக் கடனை ஏற்றலாம். விற்கும்போது அதை அடைத்தாக வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் (சொத்துப் பதிவகம்) சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். அந்தப் பதிவின் பிரதியை வேரியேஷன் விண்ணப்பத்தோடு வையுங்கள். முடிவு தவறு என்று தோன்றினால் கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒத்துக்கொள்ளாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.