உள்ளே கோப்புகள் உள்ள கோப்புறையை பிஎச்பி நிரலில் அழிக்க

பிஎச்பியின் ஆர்எம்டிர் (rmdir) என்ற ஃபங்ஷன் காலிக் கோப்புறையை மட்டுமே அழிக்கும். உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் எச்சரிக்கை காட்டிவிட்டு ஃபால்ஸ் என்று திரும்பும். எனவே அடியிலிருந்து மேலே வர வேண்டும்: முதலில் கோப்புகள், அடுத்து அவை இருந்த துணைக் கோப்புறை, கடைசியில் தாய்க் கோப்புறை.

இதற்குத் தன்னையே அழைக்கும் ஒரு ஃபங்ஷன் போதும். கோப்புறையில் உள்ளவற்றைப் பட்டியலிடும் ஸ்கேன்டிர் (scandir) தரும் பட்டியலிலிருந்து ஒற்றைப் புள்ளியையும் இரட்டைப் புள்ளியையும் நீக்கிவிடுங்கள். ஒற்றைப் புள்ளி அதே கோப்புறையையும், இரட்டைப் புள்ளி மேல் கோப்புறையையும் குறிப்பவை. இரட்டைப் புள்ளியை விட்டுவைத்தால் அழிப்பு மேலேயும் ஏறிவிடும். ஸ்கேன்டிருக்குப் பதிலாக பெயர் வடிவத்தை வைத்துக் கோப்புகளைத் தேடும் குளோபையும் (glob) நட்சத்திரக் குறியையும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் அதன் கண்ணில் படாது. எல்லாம் அழிந்தபின்னும் கோப்புறை மட்டும் காலியாகவில்லை என்று அடம்பிடித்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஒவ்வொரு உருப்படியிலும் சோதனைகளின் வரிசை முக்கியம். முதலில் அது சிம்லிங்க்கா (வேறொரு கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் இணைப்பா) என்று பாருங்கள். ஆம் என்றால், கோப்பை நீக்கும் அன்லிங்க் (unlink) கொண்டு அந்த இணைப்பை மட்டும் நீக்கி அடுத்ததற்குப் போங்கள். கோப்புறையா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். ஏனெனில் கோப்புறையைச் சுட்டும் லிங்க்குக்கும், கோப்புறையா என்று சோதிக்கும் இஸ்டிர் (is_dir) ‘ஆம்’ என்றே சொல்லும். வரிசை மாறினால் நிரல் லிங்க் வழியே வெளியேறி, வேறெங்கோ இருக்கும் கோப்புகளை அழித்துவிடும். விண்டோஸில் கோப்புறை லிங்க்கை ஆர்எம்டிர் கொண்டு நீக்க வேண்டும்.

பயனர் தரும் பெயரிலிருந்து பாதை உருவானால், அதன் உண்மையான முழுப் பாதையைத் தரும் ரியல்பாத் (realpath) வழியே அனுப்பி, அது உங்கள் அடிப்படைக் கோப்புறைக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒப்பிடும்போது அடிப்படைப் பாதையின் இறுதியில் சாய்கோடு இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘படங்கள்’ என்ற கோப்புறைக்கான சோதனையில் ‘படங்கள்-பழையது’ என்பதும் தேறிவிடும். வெற்றுச் சரத்தைத் தனியே தடுங்கள்: ரியல்பாத் அதற்கு நடப்புக் கோப்புறையைத் திருப்பித் தரும்!

அனுமதிப் பிழை வந்தால் லினக்ஸில் பார்க்க வேண்டியது கோப்பின் அனுமதியை அல்ல, அது இருக்கும் கோப்புறையின் எழுதும் அனுமதியை.

அழிக்கும் நேரத்திலேயே வேறொரு புராசஸ் புதுக் கோப்பு எழுதினால் கடைசி ஆர்எம்டிர் தோற்கும். முதலில் அதே டிஸ்க்கில் கோப்புறையை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, பிறகு கிரான் (குறித்த நேரத்தில் நிரலைத் தானே இயக்கும் வசதி) மூலம் அழிக்கலாம். பழைய பாதையைத் தேடி வருபவருக்கு அது கிடைக்காது. பெரிய கோப்புறையானாலும் பயனரின் கோரிக்கை காத்திருக்காது. ஒவ்வொரு அன்லிங்க்கின் விடையையும் சோதித்து, தோற்ற பாதையை லாகில் எழுதுங்கள்.

நோடில் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் Node.js) 14.14 முதல் எஃப்எஸ் தொகுதியின் ஆர்எம், ரிகர்சிவ் தெரிவுடன் கோப்புறையை உள்ளே உள்ளவற்றோடு சேர்த்து அழிக்கும். பைதானில் ஷட்டில் தொகுதியின் ஆர்எம்ட்ரீ. கொடுத்த பாதையே சிம்லிங்க் என்றால் அது மறுத்துவிடும். பாதைச் சோதனையை இரண்டிலும் நீங்களேதான் எழுத வேண்டும்.