காண்டர்ஸ்டெக் மலை முகாம்: முதல்முறை இளைஞர் குழுவை அழைத்துப் போகிறவர்களுக்கு

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், ஏறக்குறைய 1,180 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காண்டர்ஸ்டெக் கிராமம். லோட்ச்பெர்க் ரயில் சுரங்கத்தைத் தோண்டிய தொழிலாளர்கள் தங்கிய பழைய கட்டடம் 1923இல் சர்வதேச சாரணர் மையமாக மாறியது. இன்றும் ஒவ்வொரு கோடையிலும் பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே கூடாரம் போடுகிறார்கள். முதன்முதலாக ஒரு குழுவை வெளிநாட்டு மலைக்கு அழைத்துப் போக இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. தண்ணீர், சமையல் வசதி, வழி சொல்ல ஆள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மலையும் வாசலிலேயே தொடங்கிவிடும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நல்ல காலம். ஜூனில் கிராமம் பச்சையாக இருந்தாலும் உயரமான கணவாய்களில் பனி கிடக்கும். கோடை இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் முந்தைய ஆண்டே பதிவு செய்வது நல்லது. உங்களுடையது சாரணர் குழு இல்லையென்றால் அதை முதல் கடிதத்திலேயே சொல்லி, இடம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

படி 2: ஆவணங்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அதோடு நின்றுவிடாமல், மலையில் ஹெலிகாப்டர் மீட்புச் செலவும் அந்தக் காப்பீட்டில் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் தலையில் விழும்.

படி 3: ஊரிலேயே நடந்து பழகுங்கள்

புது பூட்ஸோடு யாரும் விமானம் ஏறக் கூடாது. இரண்டு மாதமாவது அதைப் போட்டு நடந்திருக்க வேண்டும். முதுகுப்பையில் ஐந்து கிலோ வைத்து மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். இறங்குவதுதான் முக்கியம், முழங்கால் வலிப்பது அப்போதுதான். இந்தப் பயிற்சியில் யார் பின்தங்குகிறார்கள் என்று கவனியுங்கள். அவரை ஒதுக்குவதற்காக இல்லை, முகாமின் ஒவ்வொரு நாளையும் அவர் வேகத்துக்கு அமைப்பதற்காக.

படி 4: மூட்டை

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். கிராமத்தில் டி-ஷர்ட் போதும் என்றால் மேலே ஸ்வெட்டர் வேண்டும். நல்ல ரெயின்கோட், உள்ளே போட மெல்லிய கம்பளி உடை, தொப்பி, சன்ஸ்கிரீன், ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில், தலையில் மாட்டும் டார்ச், விசில். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது.

படி 5: சரியான ரயில்

பெர்னிலிருந்து ஸ்பீட்ஸ் வழியாகப் போக வேண்டும். 2007 முதல் விரைவு ரயில்கள் 34 கிலோமீட்டருக்கும் நீளமான புதிய அடிவாரச் சுரங்கத்தில் புகுந்து, காண்டர்ஸ்டெக்கில் நிற்காமல் மறுபக்கம் போய்விடுகின்றன. பழைய மலைப்பாதையில் போகும் ரயில்தான் உங்களுக்கு வேண்டியது. பத்து பேரோ அதற்கு மேலோ என்றால் குழு டிக்கெட் கேளுங்கள்.

படி 6: முதல் நடை, ஓஷினென் ஏரி

வந்து சேர்ந்த அன்று கூடாரம், குளியல், தூக்கம். அவ்வளவுதான். மறுநாள் ஓஷினென் ஏரி. 1,578 மீட்டரில், ப்ளூம்லிஸால்ப் பனிமலைக்குக் கீழே, நீலப்பச்சையாக விரிந்து கிடக்கும். கிராமத்திலிருந்து 400 மீட்டர் ஏற்றம். களைத்தவர்களுக்குக் கேபிள் கார் உண்டு.

சுவிஸ் வழிப்பலகைகளை அன்றைக்கே படிக்கக் கற்றுக்கொடுங்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை, அங்கே கால் தடுமாறாத பழக்கம் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள், அது கயிறும் கருவியும் தெரிந்தவர்களுக்கானது. பலகையில் இருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. பிள்ளைகள் குழுவுக்கு அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்: இரண்டு மணி என்று போட்டிருந்தால் மூன்று மணி.

நடக்கும் வரிசை: முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். மெதுவாக நடக்கும் பிள்ளை முன்னவருக்கு அடுத்தபடி. அந்தப் பிள்ளையைப் பின்னால் விட்டால், மற்றவர்கள் நின்று இளைப்பாறி, அது வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்பட்ட பிள்ளைக்குத்தான் ஓய்வே கிடைக்காது. இதை எத்தனையோ குழுக்களில் பார்த்து மனம் வலித்திருக்கிறது. தயவுசெய்து உங்கள் குழுவில் நடக்க விடாதீர்கள்.

ஏரிக்கு மேலே ஷ்பிட்சர் ஷ்டைன் என்ற பாறைச்சரிவு அசைந்துகொண்டிருக்கிறது. மண்ணுக்குள் உறைந்த பனி உருகுவதுதான் காரணம். அதனால் சில பாதைகளை மூடியிருக்கிறார்கள். தடுப்பைத் தாண்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் பசுவிடமும் நெருங்கக் கூடாது.

படி 7: ஒரு இரவு மேலே

பிள்ளைகள் பழகிய பிறகு, சுன்ப்யூலுக்குக் கேபிள் காரில் ஏறி, அங்கிருந்து கெம்மி கணவாய்ப் பாதையில் நடக்கலாம். அதிக ஏற்றம் இல்லாத அகலமான பாதை. வழியில் ஷ்வாரன்பாக் என்ற பழைய மலை விடுதி இருக்கிறது, முன்பதிவு செய்தால் தங்கலாம். மலை விடுதிகளின் வழக்கம்: பூட்ஸை வாசலில் கழற்ற வேண்டும், பொதுப் படுக்கைக்கு மெல்லிய துணி உறை நாம் கொண்டுபோக வேண்டும், பத்து மணிக்குச் சத்தம் அடங்க வேண்டும்.

படி 8: இடிக்கு முன்னால் இறங்குங்கள்

கோடையில் ஆல்ப்ஸ் மலையில் காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி இறங்கும். அதனால் ஏழு மணிக்கே கிளம்பி, இரண்டு மணிக்குள் கீழே வந்துவிடுவது மாதிரி திட்டம் போடுங்கள். முந்தைய இரவும் அன்று காலையும் மீட்டியோசுவிஸ் செயலியில் வானிலையைப் பாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் இடி பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே முகட்டிலிருந்து இறங்குங்கள். தனி மரத்தடி, நீர்நிலை, இரும்புக் கம்பி எதன் பக்கமும் போகாதீர்கள். ஒதுங்கக் கட்டடம் இல்லையென்றால் ஒருவருக்கொருவர் தள்ளி, கால்களைச் சேர்த்துக் குந்துங்கள்.

படி 9: உதவி கேட்கும் முறை

முதல் நடைக்கு முன்பே எல்லோருக்கும் இதைப் பழக்குங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது டார்ச் ஒளி, அப்புறம் ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். விமான மீட்புப் படையான ரேகாவின் எண் 1414, ஆம்புலன்ஸ் 144, பொது அவசர எண் 112. எல்லார் போனிலும் பதித்துவிட்டு, ஒரு காகிதத்திலும் எழுதிப் பையில் வைக்கச் சொல்லுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.