மகள் கோல்ஃபில் புரோ (தொழில்முறை வீராங்கனை) ஆக ஆசைப்பட்டால் என்ன செய்ய வேண்டும்

பந்தடித்துப் பழகும் டிரைவிங் ரேஞ்சில் ஒரு பத்து வயதுப் பெண் பந்தை நல்ல தூரம் பறக்கவிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் உடனே "பெரிய ஆளா வருவா" என்று சொல்லிவிடுவார்கள். கேட்டுச் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பெண்கள் கோல்ஃபில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் குழி இருக்கும் கிரீன் என்ற புல்தரைக்குப் பக்கத்து நூறு யார்டில்தான்.

டோக்கியோ ஒலிம்பிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் கசுமிகசெக்கி மைதானத்துக்குப் போனபோது பெங்களூரு அதிதி அசோக் உலகத் தரவரிசையில் 200வது இடத்தில் இருந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கொரோனா வந்து உடம்பு தளர்ந்திருந்தது, அடிக்கும் தூரமும் குறைந்திருந்தது. கூட ஆடியவர்களின் டிரைவ், அதாவது முதல் நீள அடி, அவருடையதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அப்படியும் 67, 66, 68, 68 என்று ஆடி, பாருக்கு (மைதானத்துக்கு நிர்ணயித்த ஷாட் எண்ணிக்கைக்கு) 15 கீழே முடித்தார். நெல்லி கோர்டாவுக்குத் தங்கம். சமநிலையில் முடித்து, அடுத்த இரண்டு பதக்கங்களுக்கு பிளேஆஃப் ஆடிய மோனே இனாமி, லிடியா கோ இருவரையும்விட ஒரே ஒரு ஷாட்தான் அதிதிக்கு அதிகம். நான்கு நாளும் அவரைத் தாங்கியது பட்டர், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்.

அதனால் ஆரம்ப வருஷங்களில் பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் பட்டிங்குக்கும் (கிரீனில் உருட்டுவது) சிப்பிங்குக்கும் (பக்கத்திலிருந்து கிரீனுக்குத் தூக்கிப் போடுவது) போகட்டும். குழியைச் சுற்றி மூன்றடி தள்ளி வட்டமாகப் பத்து டீ (பந்தை வைக்கும் சிறு குச்சி) குத்துங்கள், ஒவ்வொரு டீ பக்கத்திலிருந்தும் ஒரு பட், நடுவில் ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும், ஆனால் எட்டாவது ஒன்பதாவது பந்துக்கு வரும்போது பிள்ளையின் கை லேசாக இறுகுவதைக் கவனியுங்கள், போட்டியின் கடைசி ஹோலில் வரப்போகிற இறுக்கம் அதுதான், இந்தப் பயிற்சியே அதைப் பழக்கத்தான். தூரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பு வளர்ந்து உடற்பயிற்சியும் சேரும்போது அது கூடும்.

கிளப் புதிதாக வாங்காதீர்கள். வளர்கிற பிள்ளைக்கு ஒரு வருஷத்தில் நீளம் பத்தாமல் போகும், செகண்ட் ஹேண்ட் ஜூனியர் செட் போதும். அப்பா பயன்படுத்திய செட்டை அறுத்துக் கொடுப்பது மட்டும் வேண்டாம், எடையும் விறைப்பும் பிள்ளைக்குப் பொருந்தாது, அதைத் தூக்கிச் சுழற்றியே ஸ்விங் கெடும். எங்கே ஆடுவது என்றால், கிளப் உறுப்பினராக இல்லாதவர்களும் பணம் கட்டி ஆடக்கூடிய மைதானமோ ரேஞ்சோ உங்கள் ஊரில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பெரிய கிளப்பில் உறுப்பினராக லட்சக்கணக்கில் கட்டுவதை முதல் படியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண் வாங்கியதும் இந்தியன் கோல்ஃப் யூனியன் நடத்தும் ஜூனியர், அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) போட்டிகளுக்கு அனுப்புங்கள். முதல் போட்டிக்கு முன் ஸ்கோர் கார்டு எழுதக் கற்றுக்கொடுங்கள். ஒரு ஹோலில் 6 அடித்துவிட்டு கார்டில் 5 என்று இருப்பதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். 6 அடித்து 7 என்று எழுதியிருந்தால் 7 அப்படியே நிற்கும். கூட ஆடுகிறவர் குறித்த எண்ணை ஒவ்வொரு ஹோலாக, அவசரப்படாமல், வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது பழக்கமாக வேண்டும்.

அடுத்து எல்லாரும் அவசரப்படும் இடம்: புரோ ஆவது. புரோ ஆகிவிட்டால் அமெச்சூர் போட்டிகளின் கதவு மூடிவிடும், அமெரிக்கக் கல்லூரி அணியில் உதவித்தொகையோடு ஆடும் வாய்ப்பும் அதோடு போகும். மறுபக்கம், அமெச்சூராக இருக்கும்வரை பெரிய பரிசுப் பணத்தைத் தொட முடியாது. 2012ல் லிடியா கோ 15 வயதில் கனடா ஓப்பனை வென்றபோது முதல் பரிசுக் காசோலை இரண்டாவதாக வந்த இன்பீ பார்க்குக்குத்தான் போனது. கோ அடுத்த வருஷம்தான் புரோ ஆனார், அந்தக் காத்திருப்பால் அவர் எதையும் இழக்கவில்லை. 2022லிருந்து விதி தளர்ந்து அமெச்சூர்களும் ஸ்பான்சர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது, ஆகவே பணத்துக்காக மட்டும் 16 வயதில் புரோ ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நாட்டின் முதல் சில அமெச்சூர்களில் ஒருவராகி, நீளமான மைதானங்களிலும் பாருக்குக் கீழே வருவது வழக்கமாகிவிட்டதா என்று பாருங்கள், அப்புறம் யோசிக்கலாம்.

வழி இப்படிப் போகும். உள்ளூரில் ஹீரோ விமன்ஸ் புரோ டூர் இருக்கிறது, அது நல்ல நாற்றங்கால். அடுத்து லேடீஸ் யூரோப்பியன் டூரின் தகுதிச் சுற்று. அதிதி 17 வயதில், 2015 டிசம்பரில், மொராக்கோவில் அதில் முதலிடம் பிடித்தார், 2016 ஜனவரி 1 அன்று புரோ ஆனார், அந்த நவம்பரிலேயே குருகிராமில் இந்தியன் ஓப்பனை வென்றார். அமெரிக்காவின் பெண்கள் புரோ டூரான எல்பிஜிஏவுக்கும் தனியாகத் தகுதிச் சுற்றுகள் உண்டு; அதில் தேறாதவர்கள் அதற்கு அடுத்த படியான எப்சன் டூரில் ஆடி மேலே வரலாம். எல்பிஜிஏவில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது பொது விதி.

பணக் கணக்கை முதலிலேயே உட்கார்ந்து போடுங்கள். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, பையைத் தூக்கிக் கூட வரும் கேடியின் சம்பளம் எல்லாம் ஆடுகிறவர் தலையில். கேடிக்கு வாரச் சம்பளம் போக, பரிசில் ஒரு பங்கும் தர வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பிறகு ஸ்கோர் போதாமல் கட்டில் வெளியேறிவிட்டால் வழக்கமாகப் பரிசுப் பணம் ஒரு ரூபாய் வராது, செலவு மட்டும் மிஞ்சும். அதனால்தான் பல குடும்பங்களில் அப்பாவோ அம்மாவோ பையைத் தூக்குகிறார்கள்: ரியோ ஒலிம்பிக்கில் அதிதிக்கு அப்பா, டோக்கியோவில் அம்மா. அப்படிச் செய்வதென்றால் ஒரு நிபந்தனை, ஷாட் தவறினால் முகத்தைத் தொங்கப்போடாத ஆள்தான் பையைத் தூக்க வேண்டும். மைதானத்தின் தூரங்கள் குறித்த யார்டேஜ் புத்தகத்தில் பார்த்துச் சொல்லுங்கள், தண்ணீர் பாட்டிலை நீட்டுங்கள், போதும். அறிவுரையெல்லாம் ரூமுக்குப் போய், அதுவும் பிள்ளை கேட்டால்.

உடல் குறை இருக்கிறதே என்று தயங்கும் பெற்றோர் தீக்‌ஷா டாகரைப் பாருங்கள். காது கேளாமையோடு பிறந்து, இடது கையால் ஆடி, 2019ல் தென்னாப்பிரிக்க ஓப்பனையும் 2023ல் செக் ஓப்பனையும் வென்றவர்.

வறண்ட காலமும் வரும். 2017ல் அபுதாபியில் வென்ற அதிதிக்கு யூரோப்பியன் டூரில் அடுத்த வெற்றி 2023ல், கென்யாவில்தான் வந்தது, அதுவும் ஒன்பது ஷாட் வித்தியாசத்தில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கோப்பை இல்லை. அப்படி ஒரு காலத்தைத் தாங்க எத்தனை சீசனுக்குக் கையில் பணம் இருக்கிறது, படிப்பை எந்த அளவுக்குத் தொடர்வது என்ற இரண்டு கேள்விக்கும் மகளையும் உட்காரவைத்துப் பேசி, பதிலை எழுதி வைத்துக்கொண்டு தகுதிச் சுற்றுக்கான கட்டணத்தைக் கட்டுங்கள்.